மாஸ்டர் கேட்ட மாஸ்டர்பீஸ்

"இடது தோள் இறங்கியிருக்கு. பை மாட்டுற தோளா?"

வந்தவர் இன்னும் குடையைக்கூட மடக்கவில்லை. வெட்டு மேசைக்குப் பின்னால் நிற்கும் மாஸ்டர் அதற்குள் அவரை அளந்து முடித்துவிட்டார். டேப் கழுத்தில்தான் தொங்குகிறது, தொடவில்லை. கத்தரி சாம்பல் நிறத் துணியில் நிற்காமல் ஓடுகிறது. "ஆபீஸ்ல உட்கார்ந்த வேலை. கழுத்து முன்னாடி வந்துடுச்சு பாருங்க." வந்தவர் ஒரு பொத்தான் தைத்துக்கொண்டு போக வந்தவர். பதில் சொல்வதா, நிமிர்ந்து நிற்பதா என்று தெரியாமல் இரண்டிலும் பாதி செய்கிறார்.

தெருவில் சும்மா போகிறவர்களுக்கும் தப்ப வழியில்லை. கண்ணாடிக் கதவு வழியாக மாஸ்டர் எல்லோரையும் படித்துக்கொண்டே இருக்கிறார். "அந்தம்மா பிள்ளைங்களை இடப்பக்க இடுப்புலயே தூக்கி வளர்த்திருக்காங்க." "அதோ போறாரே, அவருக்கு ஒரு கால் அரை விரல் கட்டை. பேண்ட்டுல ரெண்டு காலையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக் கொடுத்திருக்கான் பாரு, பாவி." உடம்பில் ஒரு கோணலும் இல்லாத ஆள் யாராவது கடந்து போனால் மாஸ்டரின் முகம் சற்று வாடிவிடும்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பில், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு சின்ன வயிறு. காதுக்கு மேல் ஒரு சாக் துண்டு எந்நேரமும் இருக்கும். தூங்கும்போதாவது எடுப்பாரா என்று கேட்டால், "தலையணை உறையைக் காட்டறேன், நீங்களே பாருங்க" என்கிறார் அவர் மனைவி. வேலை மும்முரமானால் குண்டூசிகள் உதட்டுக்கு நடுவே ஏறிவிடும். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் "ம்" என்ற ஒரே எழுத்தில் சம்மதம், மறுப்பு, கோபம் மூன்றையும் சொல்வார். பழகியவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

உடுத்துவது வெள்ளைச் சட்டை, தானே வெட்டியது. கல்யாணத்துக்கு முன்பு தனக்கென்று காகிதத்தில் ஓர் அளவு மாதிரியை வெட்டி வைத்தார். இன்றுவரை அதை வைத்தே வெட்டுகிறார், வயிற்றுக்கு மட்டும் அவ்வப்போது கொஞ்சம் இடம் விட்டு. அந்தச் சட்டையின் காலர் மதியத்துக்குள் வலப்பக்கமாகச் சரிந்துவிடும். இடது கையால் இழுத்து விடுவார். அது பேசாமல் திரும்ப வலப்பக்கம் போகும். கேட்டால் காரணம் தயார்: "துவைச்சதுல இழுத்துக்கிச்சு." துவைப்பது அவர் மனைவி. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் இதைக் கேட்டும் கேட்காதவர் போல் மீதிச் சில்லறையை நீட்டுவார்.

கடை என்பது ஒரே ஒரு நீள அறை. முன்னால் கல்லா, அதன் பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. நடுவில் மாஸ்டரின் வெட்டு மேசை. பின்னால் தையல் மெஷினில், மாஸ்டரின் முதுகைப் பார்த்தபடி, அவர் மனைவியின் தம்பி. மாஸ்டர் அவரை மச்சான் என்று கூப்பிட, கூப்பிட, வாடிக்கையாளர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. நாற்பதைக் கடந்த மனிதரை, பேண்ட் நீளம் குறைக்க வந்த கல்லூரிப் பையன்கள்கூட "மச்சான், ரெடியா?" என்கிறார்கள். அவரும் தலையாட்டுகிறார். ஜன்னலோரம் காஜாக்கா. பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அவர் வேலை. மாஸ்டருக்கு முன்பே இந்தக் கடைக்கு வந்தவர். வாடிக்கையாளர் இருக்கும்போது அவரை "மாஸ்டர்" என்பார், இல்லாதபோது "தம்பி" என்பார்.

மாஸ்டர் என்ற சொல் மாஸ்டருக்கு உயிர். எங்கிருந்து காதில் விழுந்தாலும் "சொல்லுங்க" என்று வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். எதிர்க்கடையில் டீ போடுகிறவரையும் ஊர் மாஸ்டர் என்றுதான் சொல்கிறது. அங்கே யாராவது, "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ரெண்டு" என்றால், இங்கே கத்தரியை நிமிர்த்திப் பிடித்தபடி, "சொல்லுங்க" என்கிறார். சொன்ன பிறகு, சொல்லாத மாதிரி தொண்டையைச் செருமுகிறார்.

இன்னொரு சொல்லையும் அவர் தாராளமாக வழங்கி வந்தார். கோட்டு தைத்துக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்க்கும் நேரம், தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, "இது என்னோட மாஸ்டர்பீஸ் சார்" என்பார். போன வாரம் வாங்கிப் போனவரிடமும் அதையே சொன்னார் என்பது பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

காலேஜ் மேடத்திடமும் சொன்னார். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

காலேஜ் மேடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். மாஸ்டருக்குத் தோள் எப்படியோ, அவருக்குச் சொல் அப்படி. கண்ணில் பட்டால் விடமாட்டார்.

"மாஸ்டர், மாஸ்டர்பீஸ்னா முதல்ல அது இல்ல, தெரியுமா? அது ஒரு பரீட்சை. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் ஒரு சங்கம் இருக்கும். வருஷக்கணக்கா வேலை கத்துக்கிட்டவர், நானும் மாஸ்டர் ஆகணும்னு வந்தா, ஒரு உருப்படி செஞ்சு சங்கத்துக்கு முன்னாடி வைக்கணும். அங்க இருக்கிற மாஸ்டர்கள் புரட்டிப் பார்த்து ஒத்துக்கிட்டாதான் இவர் மாஸ்டர். அந்த உருப்படிக்குத்தான் அந்தப் பேர். டச்சுக்காரங்களோ ஜெர்மன்காரங்களோ வச்சிருந்த பேரைப் பார்த்து இங்கிலீஷ்ல அமைச்சுக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. ஒருத்தரோட ஆகச் சிறந்த வேலைங்கிற அர்த்தம் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது."

மாஸ்டரின் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் குத்தினார். "அப்போ அது கடைசில செய்யறது இல்லையா மேடம்?"

"இல்ல. அதுக்கப்புறம்தான் தொழிலே ஆரம்பம்."

இந்தச் செய்தி மாஸ்டரைப் பிடித்துக்கொண்டது. அளவெடுக்கக் கையைத் தூக்கி நிற்பவர்களுக்கெல்லாம் சொன்னார். கையைத் தூக்கி நிற்பவர் எங்கே ஓட முடியும்? ஒரே வாரத்தில் கதை வளர்ந்துவிட்டது. சங்கத்துக்கு ஒரு மாளிகை வந்தது. பரீட்சைக்கு ராஜா வந்து உட்கார்ந்தார். தோற்றவனை ஊரைவிட்டே துரத்தினார்கள். அடுத்த முறை வந்த மேடம், தன் வாயால் சொன்னதாகச் சொல்லப்பட்ட இவற்றைக் கேட்டுவிட்டு, "நான் அப்படிச் சொல்லலையே மாஸ்டர்" என்றார்.

"சொல்லியிருப்பீங்க மேடம். மறந்திருக்கும்."

இந்த உற்சாகத்துக்குப் பின்னால் ஒரு காரியம் இருந்தது. கடையில் எல்லோருக்கும் அது தெரியும்.

தெருமுனையில் புதிதாக ஒரு பெரிய துணிக்கடை திறக்கப் போகிறது. அங்கே வெட்டு வேலைக்கு மச்சானைக் கேட்டிருந்தார்கள். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மச்சான் பதினைந்து வருஷமாக மாஸ்டர் வெட்டிக் கொடுப்பதைத் தைக்கிறார். தானே வெட்டியது ஒன்றுகூட இல்லை. வாடிக்கையாளர் துணியில் மாஸ்டரின் கத்தரியைத் தவிர வேறு கத்தரி பட்டதில்லை. மச்சான் முதலில் இதை அக்காவிடம் கிசுகிசுத்தார். மெஷின் ஓடாத நேரத்தில் அந்த அறையில் கிசுகிசு என்று ஒன்று கிடையாது. ஆகவே நேராகவே கேட்டுவிட்டார்.

"மாமா, கோட்டு ஒண்ணு நான் வெட்டறேன். இல்லேன்னா அங்க போயிடறேன்."

"போறதுன்னா போ மச்சான். யாரு கையைப் பிடிச்சா?" என்றார் மாஸ்டர். வாய்தான் சொன்னது. துணிக்கு நடுவே கத்தரி நின்றுவிட்டது. "அந்தக் கத்தரி நடுத்துணியில நின்னு நான் பார்த்ததில்ல" என்று பிற்பாடு காஜாக்கா சொன்னார். மாஸ்டரின் மனைவிக்கோ இரண்டு பக்கமும் இடி. தம்பி போனால் வீட்டில் பேச்சு நிற்கும், போகாவிட்டால் கடையில் நிற்கும்.

அன்று மாலைதான் மாஸ்டர் சங்கத்தை வரவழைத்தார். "வெட்டணுமா? மாஸ்டர் ஆகணுமா? முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மாஸ்டர்பீஸ் கொடு. சங்கம் பார்க்கட்டும்."

"சங்கம் எங்க இருக்கு மாமா?"

"நான்தான் சங்கம்."

"தலைவரு, செயலாளரு, பொருளாளரு, டீ வாங்கிட்டு வர்றவரு எல்லாம் இவரேதான்" என்றார் கல்லாவிலிருந்து மனைவி.

"அப்போ இப்ப நான் யாரு?" என்றார் மச்சான்.

இதற்கும் மாஸ்டர் மேடத்திடம் கேட்டு வைத்திருந்தார். கற்றுக்கொள்பவனுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருப்பவன் ஜர்னிமேன். மச்சான் யோசித்தார். "ஜர்னின்னா பயணம்தானே? இந்த ஸ்டூலை விட்டு நான் எங்க பயணம் போனேன்?" மேடம் அப்போது லைனிங் துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லில் இருப்பது பயணம் இல்லை, பிரெஞ்சில் ஒரு நாள் வேலை என்று அர்த்தம், நாள் கணக்கில் கூலி வாங்குகிறவர் என்று விளக்கினார். "அது சரியா இருக்கு" என்று மச்சான் மெஷினை மிதித்தார்.

"இன்னொண்ணும் உண்டு" என்றார் மேடம், குறும்பாக. "பல ஊர்ல மாஸ்டரோட மகன்னா பரீட்சையில சலுகை இருந்திருக்கு."

மச்சான் மெஷினை நிறுத்தினார். "மச்சானுக்கு?"

"மச்சானைப் பத்தி எங்கேயும் எழுதலை."

"அதானே, எந்த ஊர்லதான் எழுதினாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் மச்சான் அடுத்த கேள்வியைப் போட்டார். "அது போகட்டும் மாமா. நீங்க உங்க மாஸ்டர்பீஸை யார்கிட்ட கொடுத்தீங்க?"

மாஸ்டர் குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். மறுநாள் பதில் வந்தது: இந்தக் கடையின் பழைய முதலாளிக்கு ஒரு பேண்ட் தைத்துக் கொடுத்தாராம், அவர் அசந்து போனாராம். அடுத்த நாள் அந்தப் பேண்ட் கோட்டு ஆனது. அதற்கடுத்த நாள் முதலாளி கண் கலங்கினார். காஜாக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மச்சான் பக்கம் திரும்பினார்.

"நான் அன்னிக்கு இதே ஜன்னல்லதான் உட்கார்ந்திருந்தேன். முதலாளி முழங்கால் வலின்னு மக வீட்டுக்குப் போனாரு. போனவரு போனவருதான், அங்கேயே தங்கிட்டாரு. மறுநாள் காலையில ஒருத்தர் வாசல்ல நின்னு 'மாஸ்டர்'னு கூப்பிட்டாரு. இவரு இந்தப் பக்கம் பார்த்தாரு. அந்தப் பக்கம் பார்த்தாரு. என்னையும் பார்த்தாரு. நான் குனிஞ்சுக்கிட்டேன். அப்புறம் 'சொல்லுங்க'ன்னாரு. அவ்வளவுதான். அதுதான் இவரு கொடுத்த மாஸ்டர்பீஸு."

மாஸ்டர், "ம்" என்றார். இந்த "ம்" எந்த வகை என்று பழகியவர்களுக்கும் புரியவில்லை.

அதற்காக மனிதர் பின்வாங்கிவிடவில்லை. சட்டங்களைக் கூட்டினார். துணி மச்சானுடையதாக இருக்க வேண்டும். ("அது உண்மைதான், பெரும்பாலும் அவங்க செலவுதான்" என்றார் மேடம்.) டேப்பைத் தொடக்கூடாது, ஆளைக் கண்ணாலேயே அளக்க வேண்டும். ("அது எங்கேயும் இல்ல" என்றார் மேடம். "ஒவ்வொரு சங்கத்துக்கு ஒரு சட்டம் மேடம்" என்றார் மாஸ்டர்.) கோட்டு யாருக்கு என்பது மச்சான் இஷ்டம். ஆனால் அந்த ஆள் வந்து போட்டுக் காட்ட வேண்டும். மேடம் ஒரே ஒரு திருத்தத்தில் பிடிவாதமாக இருந்தார்: சங்கம் என்றால் ஒருவர் இல்லை. தொழில் தெரிந்த இன்னொருவரும் பார்க்க வேண்டும். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். "எனக்கு வெளிப்பக்கம் பார்க்கத் தெரியாது. வேணும்னா உள்பக்கம் பார்த்துச் சொல்றேன்" என்றார் காஜாக்கா.

பரீட்சை நடந்த நாட்களில் மாமனும் மச்சானும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. கல்லா வழியாகவே பேச்சுப் போய் வந்தது. மச்சான் புதிதாக ஒரு கத்தரி வாங்கி வந்து, மதியச் சாப்பாட்டு வேளையில், பின் மூலையில் பலகை போட்டு வெட்டினார். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலே மனைவியிடம் சொன்னார்: "கத்தரி துணியைக் கடிக்குது. எண்ணெய் விடச் சொல்லு." மனைவி சொன்னார். எண்ணெய் விடப்பட்டது. சிறிது நேரத்தில் மாஸ்டர் மறுபடி, "இப்ப சரி" என்றார், சுவரைப் பார்த்து.

"டேய், உங்க மாமா பாஸ் பண்ணிட்டாருடா" என்றார் அக்கா.

"நான் கத்தரியைச் சொன்னேன்" என்றார் மாஸ்டர்.

கோட்டு யாருக்கு என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. மச்சான் ஆள் யாரையும் கூட்டி வரவில்லை, யாரையும் நிறுத்தி வைத்துப் பார்க்கவில்லை. மெஷினில் உட்கார்ந்து எதிரே பார்த்தபடி தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது கோட்டின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி வைப்பார். டீக்கடை மாஸ்டருக்குத்தான் என்று மனைவி ஊகித்தார். இருக்கிற கோபத்துக்கு மச்சான் அதையும் செய்வார் என்றுதான் பட்டது.

மாதத்தின் கடைசி வாரம், காலேஜ் மேடம் தன் ஜாக்கெட்டை வாங்கிப் போக வந்திருந்த மாலையில், மச்சான் வேட்டியை எடுத்தார். கருநீலக் கோட்டு. பொத்தான் துளை இன்னும் எடுக்கவில்லை.

சங்கம் கூடியது. காஜாக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டை முயல் தோல் உரிக்கிற மாதிரி உள்வெளியாகத் திருப்பினார். தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். கைக்குழியில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். தோளுக்கு வந்ததும் நின்றார். இடது தோளுக்குள் இருக்கும் பேடை அழுத்திப் பார்த்தார், வலது பேடை அழுத்திப் பார்த்தார். "ஏன் இது மட்டும் தடிமன்? கேன்வாஸ் ஒரு மடிப்பு கூட வச்சிருக்கே."

மாஸ்டருக்கு மாட்டியது ஒரு மீன். "பார்த்தீங்களா மேடம்? ரெண்டு தோளும் ஒண்ணாப் போடத் தெரியல. முதல் பாடம் இது."

"ஆளுக்குத் தேவைப்பட்டது" என்றார் மச்சான்.

"எந்த ஆளு? வரச் சொல்லு. சங்கம் காத்துக்கிட்டு இருக்கு."

மச்சான் கோட்டை வாங்கித் திருப்பினார். வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் போய் நிற்பது போல மாஸ்டரின் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"கையை விடுங்க மாமா."

மாஸ்டர் சிரித்தார். குற்றம் கண்டுபிடிக்க இதைவிடச் சௌகரியம் உண்டா? டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தார், கையை விட்டார், கண்ணாடி முன்னால் போய் நின்றார். ஊரையெல்லாம் நிறுத்தி வைத்த அந்த ஆளுயரக் கண்ணாடியில் அவர் தலை சீவுவதுண்டு, அதுவும் கழுத்துக்கு மேலேதான். இப்போது மொத்தமாக நின்றார். கோட்டின் காலர் கழுத்தோடு ஒட்டி நின்றது. பழக்கத்தில் இடது கை அதை இழுத்துவிடப் போனது. இழுக்க ஒன்றும் இல்லை. வலது கையைத் தூக்கினார், இறக்கினார். காலர் நகரவில்லை. கண்ணாடிக்குள் ஒருவர் நேராக நின்றுகொண்டிருந்தார்.

கோட்டைக் கழற்றினார். சட்டையோடு பார்த்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"கண்ணாடி கோணலா இருக்கு" என்றார்.

"நம்ம கல்யாணத்தப்ப மாட்டின கண்ணாடிங்க" என்றார் மனைவி. "அது அப்படியேதான் இருக்கு."

மாஸ்டர் டேப்பை எடுத்தார். கழுத்தடியிலிருந்து வலது தோளுக்குத் தானே இழுத்துப் பார்த்தார். தன் தோளைத் தானே அளக்க எந்தத் தையல்காரராலும் முடியாது. கையைத் தூக்கினால் தோள் ஏறிவிடும், இறக்கினால் டேப் விழுந்துவிடும். இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை அதைக் குனிந்து எடுத்தவர், யாரையும் பார்க்காமல் பின்பக்கமாக நீட்டினார்.

"அள."

மச்சான் அளந்தார். பதினைந்து வருஷத்தில் அந்த டேப் அவர் கைக்கு வந்தது அப்போதுதான். "வலது பக்கம் ஒரு விரல் கீழே மாமா."

"எப்பலேர்ந்து?"

"நான் வந்தப்ப அரை விரல் இருந்துச்சு. உங்க முதுகைத்தானே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். குனிஞ்சு குனிஞ்சு வலது கையால வெட்டுறீங்க, அந்தப் பக்கம் இறங்கிடுச்சு."

"ஏன் சொல்லல?"

"மாமா சொன்னா அளவு. மச்சான் சொன்னா அதிகப்பிரசங்கம்."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஒன்றும் தெரியாத முகத்தோடு, "நான் துவைச்சதுல இழுத்துக்கிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று காஜாக்கா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். காலேஜ் மேடம் தன் ஜாக்கெட்டின் பொத்தான்களை மும்முரமாகப் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்கள்தான்.

மாஸ்டர் தீர்ப்புச் சொல்லவில்லை. கோட்டின் அடி விளிம்பைத் தடவித் தடவி, லைனிங்கில் ஓரிடத்தில் தையல் கொஞ்சம் இறுகியிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை மூன்று விதமாகச் சொன்னார். மச்சான் ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மாஸ்டர் கோட்டை மேசையில் வைத்தார். தெருமுனைக் கடைக்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லோருக்கும் நடுவே நின்றது.

காஜாக்கா எழுந்து வந்து கோட்டை எடுத்துப் போனார். காஜா என்பது துணியில் விழும் வெட்டு. எடுத்தபின் மாற்ற முடியாது. கோளாறு என்று தெரிந்த உருப்படியில் அவர் காஜா எடுத்ததே இல்லை. மாஸ்டர் வெட்டியதையே நாலைந்து முறை, "முதல்ல இதைச் சரி பண்ணு தம்பி" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கருநீல நூலை மெழுகில் இழுத்து, ஊசியில் கோத்தார். முதல் துளைக்கு இடம் குறித்து, சின்னக் கத்தரியால் வெட்டினார். அந்தச் சின்னச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

மாஸ்டர், "ம்" என்றார். இதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

மறுநாள் காலை மாஸ்டர் அந்தக் கோட்டோடுதான் கடைக்கு வந்தார். கோட்டு போடுகிற வெயில் இல்லை. "துணி பழகட்டும்னு போட்டிருக்கேன்" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். டேப் கழுத்தில் இருந்தது, சாக் காதில் இருந்தது. வேலை வழக்கம்போல ஓடியது. கண்ணாடிக் கதவு வழியாகப் போகிறவர் ஒருவரைப் பார்த்து, "அவருக்கு வலது தோள்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் விட்டுவிட்டார். மச்சான் மெஷினில் இருந்தார். மாஸ்டர் ஒரு பேண்ட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். உதட்டுக்கு நடுவே இரண்டு குண்டூசிகள்.

கதவு திறந்தது. கையில் துணிப் பொட்டலத்தோடு, கடைக்குப் புதியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர்?"

மாஸ்டர் நிமிர்ந்தார். வாய் திறக்கப் போனது. திரும்பி ஒரு கணம் மெஷின் பக்கம் பார்த்தார். பிறகு ஏதோ கீழே விழுந்தது போலத் தரையைப் பார்த்து, கோட்டு கசங்காமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, மெதுவாக மேசைக்கு அடியில் போய்விட்டார்.

"மாஸ்டர் இல்லையா?" என்றார் வந்தவர்.

மச்சான் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். காஜாக்காவைப் பார்த்தார். காஜாக்கா குனிந்துகொண்டார். கல்லாவில் மனைவி சில்லறையை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னங்க அங்க, கீழ?" என்றார் மனைவி.

"ம்," என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். ஒரு கை வெளியே வந்து, குண்டூசி விழுந்துவிட்டது என்று விரலால் காட்டிவிட்டு உள்ளே போனது.

மெஷின் நின்றது. மச்சான் எழுந்து வெட்டு மேசையருகே வந்தார்.

"சொல்லுங்க" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேசையின் அடிப்பக்கம் தெரியும். மாஸ்டர் அங்கே முழங்காலிட்டு, இரண்டு குண்டூசிகளையும் உதட்டில் இறுக்கிப் பிடித்தபடி, தரையை நிதானமாகத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.